குருந்தை அறிவது எப்படி: முதலில் கண், அப்புறம் விரல், கடைசியில் மூக்கு

காட்டுச் செடி பழகப் போகிறவர்கள் வழக்கமாக முதலில் செய்வது, கைக்கு எட்டிய இலையைப் பறித்துக் கசக்கி மூக்கில் வைத்துக்கொள்வதுதான். குருந்தைத் தேடிப் போகும்போது அதைச் செய்யாதீர்கள். குருந்து மணமுள்ள செடிதான். அந்த மணத்தால்தான் ஊரில் பலர் இதைக் காட்டெலுமிச்சை என்கிறார்கள். ஆனால் மணத்தை நம்பி ஆரம்பித்தால் செடி தவறிப்போகும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பொற்றைகள் என்னும் பாறைக்குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் கசக்கினால் வாடை தரும் செடிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் நாலைந்து எலுமிச்சைக் குடும்பத்தையே சேர்ந்தவை. ஒன்றைக் கசக்கிய விரலோடு அடுத்ததைத் தொட்டால் இரண்டும் ஒன்றுபோலவே மணக்கும்.

நான் கற்றுக்கொண்ட வரிசை: கண், விரல், மூக்கு. இந்த வரிசையில் போனால் பூவோ காயோ இல்லாத காலத்திலும், வெறும் இலையையும் முள்ளையும் வைத்தே, இது குருந்து என்று சொல்லிவிடலாம். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் போதும்.

பெயரைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நான் சொல்லும் குருந்து, தாவரவியலில் அட்டலான்ஷியா மோனோஃபில்லா. மோனோஃபில்லா என்றால் ஒற்றை இலை. எலுமிச்சை, நார்த்தை, விளா, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் அடங்கிய ரூட்டேசியே குடும்பம் இதற்கும் சொந்தம். தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியல் முடிகிற இடத்தில் வேங்கைக்கு முன்னால் நிற்பது குருந்து. திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் குருவைக் கண்டது குருந்த மரத்தடியில் என்பார்கள். இன்று ஆவுடையார்கோயில் என்று சொல்கிற அந்த ஊர்க் கோயிலில் தலமரமும் அதுதான். கண்ணன் முறித்ததாக ஆழ்வார்கள் பாடியதும் குருந்த மரத்தை. இவ்வளவு பேர் பெற்ற மரத்தை நேரில் பார்த்தால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற எண்ணம்தான் என்னை இதில் இறக்கிவிட்டது.

நம் மாவட்டத்தில் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. மருந்துக் கடையிலோ வைத்தியரிடமோ ‘குருந்து’ என்று கேட்டால், ‘குறுந்தோட்டியா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். குறுந்தோட்டி முற்றிலும் வேறு. அது முழங்கால் உயரத்துக்கு வளரும், மஞ்சள் பூப் பூக்கிற சிடா இனச் செடி. வாத மருந்துகளுக்கு அதன் வேரைச் சேர்ப்பார்கள். மலையாளம் கலந்து புழங்கும் விளவங்கோட்டுப் பக்கம் குருந்தைக் காட்டுநாரகம் என்றால் சட்டென்று புரியும். அந்தப் பெயரும் ஒரு செடிக்கு மட்டும் உரியதல்ல. காட்டில் எலுமிச்சை மாதிரி எது தெரிந்தாலும் காட்டுநாரகம் என்றுவிடுவார்கள். பழைய பாட்டுகளில் வரும் குருக்கத்தியும் குரவமும்கூடக் குருந்து அல்ல, வேறு செடிகள். ஆகவே பெயரைக் கேட்டுக்கொண்டு போகலாம், பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒருமுறை ஒரு நாற்றுப் பண்ணையில் குருந்து என்று எழுதி வைத்திருந்த கன்றை வாங்கி வந்து வீட்டில் நட்டேன். ஓராண்டு கழித்து மூன்று மூன்றாக இலை விட்டது. அந்த ஓராண்டுக் காத்திருப்பு வீணாயிற்றே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. அன்றைக்கு இலையைப் பார்க்கத் தெரிந்திருந்தால் பண்ணையிலேயே சொல்லியிருப்பேன்.

எங்கே தேடுவது

குமரி மாவட்டம் சின்ன மாவட்டம். மண்ணும் மழையும் மட்டும் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. கல்குளம், விளவங்கோடு பக்கம் இரண்டு பருவமழையும் நன்றாகக் கிடைக்கும். ரப்பரும் தென்னையும் நெருங்கி நிற்கும். ரப்பர்த் தோட்டத்துக்குள் குருந்தைத் தேடி அலைவதில் பயன் குறைவு. கிழக்கே தோவாளை, அகத்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு, பாறை அதிகம், முட்புதர் அதிகம். குருந்துக்கு அந்த உலர்ந்த மண்தான் பிடிக்கும். ஆரல்வாய்மொழியைச் சுற்றிய மலையடிவாரங்கள், பொற்றையடி ஊருக்கு மேலே நிற்கும் மருத்துவாழ்மலையின் சரிவுகள், வெட்டாமல் விட்டுவைத்த சாஸ்தா கோயில் காவுகள் (கோயிலைச் சேர்ந்த தோப்புகள்), வயலுக்கும் பொற்றைக்கும் நடுவே கிடக்கும் பழைய வேலிப் புதர்கள் ஆகியவற்றில் தொடங்குங்கள்.

மருத்துவாழ்மலையை நான் முதலில் சொல்வேன். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது உதிர்ந்த துண்டு என்று சொல்லப்படும் மலை அது. கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், செடி பழகுகிறவருக்கு அங்கே ஒரு வசதி உண்டு: மேலே போகும் பாதையின் இரண்டு பக்கமும் புதர் இருக்கும். பாதையை விட்டு இறங்காமலே நின்று பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு முன்னால் ஏறத் தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு பாறை சுடும், கண்ணும் கூசும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிறவர்கள் காற்றைக் கணக்கில் வைக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிற வேகத்தில் இலையில் இருக்கிற மணத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த மாதங்களில் அங்கே மணத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. மூக்கைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வனத்துறை எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். மாவட்டத்தின் வடக்குப் பக்கக் காடுகளில் பெரும்பகுதி வனவுயிர் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம். குருந்து சாலையோரத்திலும் கோயில் காவிலும் கிடைக்கிற செடி; அதற்காகக் காட்டுக்குள் போகத் தேவையே இல்லை.

கையில் வேண்டியவை கொஞ்சம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, சிறிய அளவுகோல், குறிப்பேடு, தண்ணீர், இரண்டு கைக்குட்டை. போனில் டார்ச் இருந்தால் கூடுதல் வசதி. ஒரு கம்பும் வைத்துக்கொள்ளுங்கள். பாறையும் முட்புதரும் சேர்ந்த இடம் சுருட்டை விரியனுக்குப் பிடித்த இடம். புதருக்கு அடியில் கையை விடாமல், கம்பால் கிளையை விலக்கிப் பாருங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

இடுப்பு உயரத்துக்கு மேலே வளர்ந்த செடியாகத் தேர்ந்தெடுங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகள் பல, கன்றாக இருக்கும்போது ஒருவிதமாகவும் வளர்ந்த பிறகு வேறுவிதமாகவும் இலை விடும். கன்றைப் பார்த்துப் பழகினால் குழப்பம்தான் மிஞ்சும். நன்றாக வளர்ந்த குருந்து ஆள் உயரத்தைத் தாண்டிய புதராக நிற்கும். வெட்டாமல் விட்ட காவுகளில் சிறு மரமாகவும் ஆகிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, இலைகள் கிளையில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது. குருந்துக்கு இலைகள் மாறி மாறி வரும். ஒரு கணுவில் இந்தப் பக்கம் ஓர் இலை, அடுத்த கணுவில் அந்தப் பக்கம் ஓர் இலை. ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக நின்றால் அது குருந்து இல்லை. மேற்கொண்டு எதையும் பார்க்காமல் அடுத்த செடிக்குப் போகலாம். இந்த ஒரு சோதனையிலேயே புதர்க்காட்டு முட்செடிகளில் பாதி விலகிவிடும்.

இரண்டாவது, இலை தனி இலையா, கூட்டிலையா என்று பாருங்கள். கறிவேப்பிலை ஈர்க்கில் நிறையச் சிற்றிலைகள் இருப்பதுபோல் இருந்தால் அது கூட்டிலை. குருந்துக்கு ஒரு காம்பில் ஒரே இலைதான். எது இலை, எது சிற்றிலை என்று சந்தேகம் வந்தால், காம்பு கிளையோடு சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு சிறு மொட்டோ முள்ளோ இருந்தால் அதற்கு மேலே இருப்பது முழு இலை. சிற்றிலையின் மூலையில் மொட்டு இருக்காது. செடி பழகுகிறவர் ஒருநாள் செலவழித்தாவது இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்; பிறகு எந்தச் செடிக்கும் இது உதவும்.

மூன்றாவது, காம்பு. வீட்டு எலுமிச்சை இலையைப் பறித்துப் பாருங்கள். இலைக்கும் காம்புக்கும் நடுவே ஒரு மூட்டு தெரியும். காம்பின் இரண்டு பக்கமும் மெல்லிய சிறகு ஓடும். பம்பளிமாஸில் அந்தச் சிறகு இன்னொரு குட்டி இலைபோலவே அகலமாக இருக்கும். குருந்தின் காம்பு குட்டையானது, சிறகு கிடையாது. வேலியோரத்தில் தானாக முளைத்த எலுமிச்சையை, எத்தனை முள் இருந்தாலும் எவ்வளவு மணத்தாலும், இதை வைத்தே ஒதுக்கிவிடலாம்.

நான்காவது, இலையின் நுனி. எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதுதான். குருந்திலை முட்டை வடிவிலோ நீள்வட்டமாகவோ, பெரும்பாலும் 3 முதல் 8 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். விளிம்பில் பல் இருக்காது. நுனி கூராக முடியாமல் மழுங்கி, நடுவில் ஒரு சிறு வெட்டு விழுந்திருக்கும், யாரோ நகத்தால் கிள்ளியதுபோல. எல்லா இலையிலும் அந்த வெட்டு தெளிவாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு கிளையில் பத்து இலைகளைப் பாருங்கள். சிலவற்றிலாவது தெரியும்.

ஐந்தாவது, முள். குருந்தின் முள் இலைக்கணுவில் ஒற்றையாக, நேராக, கூராக நிற்கும். வளையாது, ஜோடியாக வராது. ஆனால் முள் இல்லை என்பதற்காக ஒரு செடியைத் தள்ளிவிடாதீர்கள். முள் குறைந்த கிளைகளும், முள்ளே இல்லாத செடிகளும் உண்டு. முள் இருந்தால் அது ஒற்றையாகவும் நேராகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முள்ளைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர், பொற்றையடிக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டா. நான் ஒரு காரைச் செடியைச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அது காரைலா மக்கா. குருந்துக்கு முள்ளு ஒத்தையாட்டு நிக்கும்” என்றார். “பாட்டா, அப்போ குருந்து எங்க நிக்கு?” என்று கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் இருந்த புதரைத் தொரட்டியால் காட்டினார். அன்றைக்குத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காரைக்கு ஒரு கணுவில் இரண்டு முள், இரண்டு இலை. குருந்துக்கு ஒன்று, ஒன்று.

விரலும் வெளிச்சமும்

இப்போது ஓர் இலையைத் தொடலாம். முதிர்ந்த குருந்திலை தடித்து, தோல்போல விறைப்பாக இருக்கும். மேல்பக்கம் வழவழப்பாக, கரும்பச்சையாகப் பளபளக்கும். கீழ்ப்பக்கம் சற்று வெளிறியிருக்கும். சொரசொரப்போ மயிரோ இருக்காது. விரலில் சொரசொரப்புத் தட்டினால் கையை எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் உண்ணிச்செடியாக இருக்கும்.

அடுத்தது வெளிச்சச் சோதனை. எலுமிச்சைக் குடும்பத்து இலைகளுக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. இலையைச் சூரியனுக்கு எதிராகப் பிடித்தால், ஊசியால் குத்தியதுபோல் ஒளி கசியும் புள்ளிகளாக அவை தெரியும். குருந்தில் ஒரு தொல்லை, முதிர்ந்த இலை தடிமனாக இருப்பதால் புள்ளி சட்டென்று கண்ணுக்குப் படாது. நுனிக் கொழுந்துக்கு அடுத்து இருக்கும் இளம் இலையைப் பிடித்துப் பாருங்கள். இலையைப் பறிக்க வேண்டியதில்லை. கிளையை லேசாக வளைத்து, இலைக்குப் பின்னால் போன் டார்ச்சை வைத்தால் போதும். மேகம் மூடிய நாளில் டார்ச்தான் கைகொடுக்கும். கைக்கண்ணாடியை முதலில் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அப்புறம் கிளையை மெதுவாகக் கிட்டே கொண்டுவாருங்கள். புதியவர்கள் கண்ணாடியை இலைமேல் வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

புள்ளி தெரிந்ததும் குருந்து என்று எழுதிவிட வேண்டாம். நாவல், கொய்யா குடும்பத்து இலைகளிலும் இந்தப் புள்ளிகள் உண்டு. அவற்றுக்கு இலைகள் எதிரெதிராக இருக்கும். முதல் சோதனையை ஒழுங்காகச் செய்திருந்தால் அவை இங்கே வரைக்கும் வந்திருக்காது.

இனி மூக்கு

இத்தனையும் பொருந்திய பிறகு ஓர் இலையை, ஒன்றே ஒன்றை, இரண்டாகக் கிழியுங்கள். கசக்கிப் பிழிய வேண்டாம். கிழிந்த விளிம்பை மூக்கருகே கொண்டுபோய், மறு கையைக் குவித்து மறைத்துக்கொண்டு முகருங்கள். முதலில் எலுமிச்சை இலையின் மணம் வரும். அதற்குப் பின்னால் கொஞ்சம் கசப்பும் காரமும் சேர்ந்த ஒரு வாடை தங்கும். அந்த இரண்டாவது வாடைதான் எனக்குக் குருந்து. தோவாளைச் சந்தையில் பிச்சியும் மல்லியும் கலந்து வருகிற மணத்தில் பழகிய மூக்குக்கு இது முதலில் மெல்லியதாகப் படலாம். இரண்டு மூன்று செடிகளை முகர்ந்த பிறகு மறக்காது.

ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே விரலைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைக்குட்டை கேட்டது இதற்குத்தான். உண்ணிச்செடியைத் தொட்ட கைக்குட்டையால் துடைத்தால் அந்த நாள் முழுவதும் எல்லாமே உண்ணி வாடைதான். கோடையில் இலை வாடித் தொங்கும் நேரத்தில் மணம் மாறித் தெரியும். காலையில் முகர்வது நல்லது. வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். அடையாளம் உறுதியாகாத எந்த இலையையும் சுவைக்காமல் இருப்பது இந்தப் பழக்கத்தின் முதல் ஒழுங்கு.

ஏமாற்றும் செடிகள்

புதியவர்களோடு போனபோது அவர்கள் குருந்து என்று எனக்குக் காட்டிய செடிகளை இங்கே சொல்லிவிடுகிறேன். இவற்றைத் தெரிந்துகொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

காரையைச் சொல்லியாயிற்று. அதைப்போலவே களா. ஊரில் கிளாக்காய் என்று ஊறுகாய் போடுவார்களே, அது. பளபளப்பான கரும்பச்சை இலை, கூரான முள், தூரத்தில் பார்த்தால் குருந்தேதான். ஆனால் இலைகள் எதிரெதிராக இருக்கும், இலையைக் கிள்ளினால் பால் வடியும். குருந்தில் பால் கிடையாது. களாவில் முள் சில இடங்களில் கவட்டையாகப் பிரியும்.

இலந்தைக்கு இலை மாறி மாறித்தான் வரும், முள்ளும் உண்டு. ஆனால் இலையின் அடியிலிருந்து மூன்று நரம்புகள் சேர்ந்து ஓடும், அடிப்பக்கம் வெளுத்து மயிராக இருக்கும், மணம் இல்லை. ஆதொண்டையும் மாறி மாறி இலை விடும். அதன் முட்கள் ஜோடியாக, கொக்கிபோல வளைந்து சட்டையைப் பிடித்து இழுக்கும்.

உண்ணிச்செடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து தோட்டப் பூச்செடியாக வந்து, இன்று நம் பொற்றைகளை மூடிக்கொண்டு கிடக்கிறது. நான் போகிற சரிவுகளில் குருந்து நிற்கிற இடத்தை உண்ணி நெருக்கிக்கொண்டே வருவதை ஆண்டுக்கு ஆண்டு பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. காட்டில் மணக்கிற புதர் என்றதும் புதியவர் கை முதலில் போவது இதற்குத்தான். சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, பல்விளிம்பு, சொரசொரப்பு. நாலும் குருந்துக்கு நேர் எதிர்.

இனி சொந்தக்காரச் செடிகள். இவற்றுக்கு எலுமிச்சை மணமோ அதற்கு நெருங்கிய மணமோ உண்டு, வெளிச்சத்தில் புள்ளியும் தெரியும், அதனால் கவனம் கூடுதலாக வேண்டும். மிளகரணைக்கு மூன்று மூன்றாகச் சிற்றிலை. அது தொற்றி ஏறும் கொடிப்புதர். தண்டெல்லாம் சின்னச் சின்ன வளைந்த முட்கள், இலையின் நடுநரம்பில்கூட இருக்கும். விளாவுக்கு ஒற்றை நேர்முள் உண்டு, ஆனால் இலை கூட்டிலை. நாய்விளாவும் கூட்டிலைதான், சிற்றிலைகளுக்கு நடுவே காம்பு சிறகு விரித்துக் கணுக்கணுவாகத் தெரியும்.

இவற்றில் உண்மையான சிக்கல் பாணல். ஈரப்பாங்கான மேற்குப் பகுதித் தோப்புகளில் நிழலில் வளரும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து சிற்றிலை இருக்கும். ஆனால் அதே செடியில் ஒற்றை இலையும் வரும். அந்த ஒற்றை இலைக் கிளையை மட்டும் பார்த்தவர் குருந்து என்று ஏமாந்துவிடுவார். பாணலுக்கு முள் ஒருபோதும் இல்லை. காய் பழுத்தால் வெளிறிய ரோஜா நிறத்தில் சின்ன மணியாக இருக்கும். முள் இல்லாத செடியைக் குருந்து என்று நினைத்தால், அதன் எல்லாக் கிளைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பூவும் காயும் எதற்கு

இலையை வைத்து, இது குருந்துதான் என்று சொல்லிவிடலாம். எந்தக் குருந்து என்பதற்குப் பூ வேண்டும். அட்டலான்ஷியா பேரினத்தில் வேறு இனங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. இலையை மட்டும் வைத்து அவற்றைப் பிரிப்பது பழகியவர்களுக்கே கடினம். நாம் தேடும் குருந்தின் பூ வெள்ளை, மணமுள்ளது, இலைக்கணுக்களில் சிறு கொத்தாக வரும். நான்கு அல்லது ஐந்து இதழ். ஒரு பூவை எடுத்து அதன் அடியைப் பாருங்கள். பச்சைப் புல்லிவட்டம் ஒழுங்கான நாலு பல்லாக இல்லாமல், ஒரு பக்கம் அடிவரை கிழிந்து திறந்திருக்கும். அடுத்து இதழ்களை விலக்கி, மகரந்தத் தாள்களைப் பாருங்கள். அவை தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சிறு குழலாக நிற்கும். நெருங்கிய இனமான அட்டலான்ஷியா ரெசிமோசாவில் புல்லி ஒழுங்காக நாலாகப் பிரிந்திருக்கும். புல்லியின் கிழிசலும் தாள்களின் குழலும் சேர்ந்து கண்ணில் பட்டால் இனத்தை உறுதியாக எழுதலாம்.

நான் பூவை அதிகம் பார்த்தது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தை மாதங்களில். ஆனால் மழையைப் பொறுத்து முன்பின்னாகும். ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். மாதம் ஒருமுறை போதும்.

காய் கோலிக்குண்டு அளவு, உருண்டை, எலுமிச்சையைச் சுருக்கி வைத்ததுபோல் இருக்கும். தோலில் சுரப்பிப் புள்ளிகள் தெரியும். நகத்தால் கீறினால் மணம் தூக்கும். பழுக்கும்போது பச்சை வெளிறி மஞ்சளுக்கு வரும். உள்ளே சுளைபோல மூன்று நான்கு அறைகள், விதை பெரிது, சாறு கொஞ்சம். சில ஊர்களில் ஊறுகாய் போடுவார்கள். பழத்திலிருந்து எடுத்த எண்ணெயை வாத வலிக்குத் தடவுவது பழைய வழக்கம். வைத்தியர் சொல்லாமல் அதை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். மரம் சிறியதானாலும் கட்டை மஞ்சளோடி மிகவும் கெட்டியாக இருக்கும்.

ஒரு கூடுதல் சாட்சி

செடியில் இலை கடிபட்டிருந்தால் விட்டுவிட்டுப் போகாதீர்கள், இலையின் மேல்பக்கத்தைத் தேடுங்கள். பறவை எச்சம்போல கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு ஒட்டிக்கொண்டிருக்கலாம். காமன் மார்மன், புளூ மார்மன், எலுமிச்சை அழகி போன்ற பட்டாம்பூச்சிகள் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளில்தான் முட்டையிடும். குருந்தும் அதில் ஒன்று. புழு வளர்ந்த பிறகு பச்சையாகிவிடும். ஒரு புல்லால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு கொம்பை வெளியே நீட்டும். கூடவே ஒரு கடும் வாடையும் வரும். தாய்ப்பட்டாம்பூச்சி முட்டையிடும் முன் முன்னங்காலால் இலையைத் தட்டிப் பார்த்து, அதிலுள்ள வேதிப்பொருளைக் கொண்டே செடியைத் தெரிந்துகொள்ளும். புழு இருப்பதால் மட்டும் குருந்து என்று ஆகிவிடாது, மிளகரணையிலும் இதே புழுக்கள் இருக்கும். ஆனால் இலை, முள், புள்ளி எல்லாம் பொருந்திய செடியில் புழுவும் இருந்தால் குடும்பத்தைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. புழு இருக்கிற கிளையில் இலை கிள்ள வேண்டாம்.

படம் எடுப்பதும் எழுதி வைப்பதும்

தெரிந்தவர் யாரிடமாவது காட்டி உறுதி செய்ய வேண்டுமானால், அல்லது ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்ற வேண்டுமானால், முழுச் செடியை ஒரே படம் எடுத்து அனுப்பினால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. புதர்க்காட்டில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். நான் எடுக்கிற படங்கள் இவை: செடி முழுவதும், இலைகள் மாறி மாறி நிற்பது தெரிகிற ஒரு கிளை, அளவுகோல் பக்கத்தில் வைத்து இலையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும், காம்பும் முள்ளும் சேர்கிற கணு, மிக அருகில், டார்ச் வெளிச்சத்தில் புள்ளி தெரியும் இளம் இலை. பூ இருந்தால் அதன் பின்புறத்தைக் கட்டாயம் எடுங்கள். பூவை முன்னாலிருந்து அழகாக எடுத்த படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. புல்லியின் கிழிசல் தெரியாததால் அவற்றில் பாதிக்கு இனத்தை எழுத முடியவில்லை.

குறிப்பேட்டில் தேதி, இடம், பாறையா மண்ணா, வெயிலா நிழலா, பக்கத்தில் நின்ற செடிகள் எவை என்பதை அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். மணத்தைப் படம் எடுக்க முடியாது. அதனால் மணத்துக்கு உங்கள் சொல்லையே எழுதுங்கள். எலுமிச்சை மாதிரி என்று மட்டும் எழுதினால் மறுமாதம் படிக்கும்போது ஒன்றும் நினைவுக்கு வராது. என் குறிப்பேட்டில் முதல் குருந்துக்கு நேரே இருப்பது: “நார்த்தை இலைத் துவையல் அரைத்த அம்மி, கழுவும் முன்.” அந்த வரியைப் படித்தால் அந்தச் செடி நின்ற பாறை உட்பட எல்லாம் எனக்குத் திரும்ப வந்துவிடுகிறது.